அற்பக் கசிவு

உம்கொட்டியின் இதயம் முணுமுணுக்கிறது என்று கம்பெனி டாக்டர் சொன்னபோது, அதை நம்ப மறுத்த முதல் ஆள் உம்கொட்டியின் மனைவிதான்.

அவளைக் குறை சொல்ல முடியாது. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் அவளிடம் ஒரு தடவைகூட முணுமுணுத்ததில்லை. முணுமுணுப்பதற்கு முதலில் பேச வேண்டுமே! உப்பு சரியா இருக்கா என்றால் "ம்". கூரை ஒழுகுகிறதே, ஒரு எட்டுப் பார்க்கக் கூடாதா என்றால் அதற்கும் "ம்". ஆனால் மறுநாள் விடிந்ததும் ஏணியைச் சாத்திக் கூரைமேல் ஏறியிருப்பார். கதை கேட்கும் குழந்தைபோல எல்லாவற்றுக்கும் உம் கொட்டுவதால் துறைமுகத்தில் அவருக்கு அந்தப் பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது.

வேலையும் குணத்துக்கு ஏற்றாற்போல் வாய்த்திருந்தது. கப்பலிலிருந்து ராட்சதப் பெட்டிகளைத் தூக்கி இறக்கும் கிரேன் ஒன்றின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள், தன்னந்தனியாக உட்கார்ந்திருப்பார். கீழேயிருந்து வாக்கிடாக்கியில் ஆளாளுக்குக் கத்துவார்கள். மேலேயிருந்து ஒரு "ம்" வரும். வீடு கணக்காய் ஒரு பெட்டி ஆடாமல் அசையாமல் வந்து லாரியில் உட்காரும். அந்தக் கூண்டைத் தவிர அவர் இந்த உலகத்தில் எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

வருடாந்தரப் பரிசோதனையில்தான் வினை வந்தது. கம்பெனி டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கினார்.

"லப்டப்புக்கு நடுவுல ஏதோ முணுமுணுன்னு கேக்குது. பயப்படாதீங்க, முக்காவாசி நேரம் இது ஒண்ணும் இருக்காது. ஆனா எக்கோ எடுத்து, 'இயல்பு'ன்னு ஒரு ரிப்போர்ட் கொண்டு வாங்க. அந்த வார்த்தை இல்லாம உங்களை மேல ஏத்தினா என் வேலை போயிடும்."

அந்த ரிப்போர்ட் வரும்வரை உம்கொட்டிக்குத் தலைக்கவசக் கிடங்கில் வேலை. கிடங்குக்கு வருகிறவர்களெல்லாம் பேசினார்கள். மழை வருமா, மகளுக்கு வரன் அமையுமா, இந்தக் கவசம் ஏன் இறுக்குகிறது என்று ஓயாமல் பேசினார்கள். ஒரே பகலில் மனிதர் பாதியாகிப் போனார்.

வீட்டில் மனைவி விஷயத்தைக் கேட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"என்னங்க, இத்தனை வருஷமா உள்ளுக்குள்ளயே முணுமுணுத்துட்டுதான் இருந்தீங்களா? என்னைப் பத்தியா?"

"ம்" என்றார் பழக்கதோஷத்தில். சொன்ன பிறகுதான் அது விழக்கூடாத இடத்தில் விழுந்த 'ம்' என்று அவருக்கே உறைத்தது.

மறுநாள் காலையில் அவளே அவரை இழுத்துக்கொண்டு பெரிய இதய மருத்துவமனைக்குப் போனாள்.

அந்த மருத்துவமனையில் எதையும் சாதாரணப் பெயரால் அழைக்கும் வழக்கமில்லை. எக்கோ எடுக்கும் இடத்துக்கு 'இதய எதிரொலிப் பேரரங்கம்' என்று பெயர். அதைத் திறந்து வைத்த அன்று மருத்துவமனைத் தலைவர், எக்கோ என்றால் என்ன என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். எதிரொலி என்று பதில் வந்தது. தலைவர் உடனே கூடத்தின் நடுவே நின்று கையைத் தட்டிப் பார்த்தார். எதிரொலி வரவில்லை. நாற்காலிகள் சத்தத்தைத் தின்றுவிடுவதாக யாரோ சொல்ல, அன்றைக்கே நாற்காலிகளை அப்புறப்படுத்தினார்கள். "ஐயா, இது வேற சத்தம், காதுக்கே கேக்காது" என்று எடுத்துச் சொன்ன இதய மருத்துவரையும் கூடவே அப்புறப்படுத்தி, நூலகப் பொறுப்பில் வைத்தார்கள்.

ஆகவே இதய நோயாளிகள் அங்கே நின்றுகொண்டே காத்திருந்தார்கள். சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு பலகை: 'அமைதி காக்கவும். உங்கள் ஓசை பிறர் இதயத்தில் பதிவாகக்கூடும்.' கிறீச்சிடும் செருப்புகள் வாசலிலேயே பறிமுதல். இருமல் வந்தவர்கள் ஓட்டமாக வெளியே போய் இருமிவிட்டு வந்தார்கள். முறை வந்தவரைக் கூப்பிட்டால் சத்தம் வருமே என்று, காவலாளி ஒவ்வொருவர் காதிலும் வாயை வைத்து, "நீங்கதானா அது?" என்று ரகசியமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். எது என்று அவரும் சொல்லவில்லை. எது என்று கேட்க யாருக்கும் அனுமதியுமில்லை.

உம்கொட்டிக்கு அந்த இடம் மிகவும் பிடித்துப்போயிற்று. அவர் மனைவிக்குத்தான் மூச்சு முட்டியது.

காவலாளி அவர் காதுக்கு வந்து கேட்டதும் உம்கொட்டி "ம்" என்றார். அவ்வளவுதான், உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

உள்ளே எக்கோ எடுக்கும் பெண் ஒருத்தி, திரைக்கு முன்னால் உட்கார்ந்து கொட்டாவியை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"சட்டையைக் கழட்டிட்டு, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. இடது கையைத் தலைக்கு அடியில வச்சுக்கோங்க. ஜெல் கொஞ்சம் சில்லுன்னு இருக்கும்."

கொஞ்சமல்ல, உயிரே போய்த் திரும்பி வந்தது. அவள் விலா எலும்புகளின் இடுக்கில் கருவியை அழுத்தி, அப்படியும் இப்படியும் சாய்த்தாள். கறுப்புத் திரையில் சாம்பல் நிறத்தில் ஒன்று புரண்டது, சுருங்கியது, விரிந்தது.

"காதுக்குக் கேக்காத சத்தம் உள்ள போகுதும்மா. இதயத்துல பட்டுத் திரும்பி வருது. திரும்பி வர்றதை வச்சு மிஷின் படம் போடுது" என்று மனைவியிடம் சொன்னாள்.

"காதுக்கே கேக்காதுன்னா, வெளியில நாங்க எதுக்கு வாயைப் பொத்திட்டு நிக்கிறோம்?"

அந்தப் பெண் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "எனக்கு நூலகத்துல உக்கார ஆசை இல்லம்மா" என்றாள்.

திரையில் வால்வுகள் சின்னக் கதவுகளாகத் திறந்து மூடின. மனைவிக்கு வாய் கொள்ளவில்லை. "என்னங்க, பாருங்க, எப்படித் துடிக்குது பாருங்க! உங்களுக்குள்ள இவ்வளவு சுறுசுறுப்பா ஒரு ஆளு இருக்கானா?" அந்தப் பெண் பொத்தானைத் தட்டியதும் அந்தச் சாம்பல் நிறத்தின் நடுவே சிவப்பும் நீலமும் மாறி மாறிப் பாய்ந்தன.

"ஐயையோ, நீலம் கெட்ட ரத்தமா?"

"இல்லம்மா. இந்தக் கருவியைப் பார்த்து வந்தா சிவப்பு, விலகிப் போனா நீலம். அவ்வளவுதான்." இன்னொரு பொத்தான். வுஷ், வுஷ் என்று அறை முழுக்கக் காற்றடிப்பதுபோல ஒரு சத்தம். "ரத்தம் ஓடுற வேகத்தை மிஷின் நமக்குக் கேக்குற மாதிரி மாத்திக் கொடுக்குது."

மனைவி காதைக் கூர்மையாக்கினாள். "இதுதான் அந்த முணுமுணுப்பா? என்ன சொல்லுது?"

"அதைச் சொல்ற மிஷின் இன்னும் வரலம்மா." அந்தப் பெண் சிரித்துவிட்டு ஜெல்லைத் துடைக்கத் துணி கொடுத்தாள். "எல்லாமே நல்லா இருக்கு. மூவிதழ் வால்வு மூடும்போது துளியூண்டு ரத்தம் பின்னாடி வருது. நல்லா ஆரோக்கியமா இருக்கிற நிறைய பேருக்கு இது உண்டு. ஒண்ணுமே இல்ல."

அந்த 'ஒண்ணுமே இல்ல' கதவைத் தாண்டி மொழியாக்கப் பிரிவுக்குப் போயிற்று. அங்கே ஒண்ணுமே இல்லாததைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்து, சீவிச் சிங்காரித்து அனுப்பினார்கள். ரிப்போர்ட்டை வாங்கிய மனைவி, நின்றபடியே எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'இதயம் இயல்பாக உள்ளது. மூவிதழ் வாயிலில் அற்ப' என்பதோடு வரி முடிந்தது. அடுத்த வரியின் தலையில் மருத்துவமனையின் முத்திரை அழுத்தமாக விழுந்திருந்தது.

அற்ப என்றால் அடுத்து என்ன வரும்? அவளுக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான் வரும்.

"அற்பாயுசா?" என்று அலறினாள்.

அந்தக் கூடத்தின் சரித்திரத்தில் முதன்முறையாக எதிரொலி வந்தது. நாற்காலியில்லாத சுவர்களில் மோதி, ஆயுசா, ஆயுசா என்று அது மாடிவரை போயிற்று. நின்றிருந்தவர்களில் சிலர் அது தங்களுக்கு வந்த முடிவு என்று நினைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். காவலாளி உதட்டில் விரலை வைத்தபடி நாலாபக்கமும் ஓடினார். மாடியில் தலைவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, "ஆகா, வந்துடுச்சு!" என்று பூரித்தாராம்.

படியிறங்கி ஓடி வந்தவர் கோட்டுப் போட்ட ஓர் ஆள். நோயாளர் கண்ணிய அலுவலர் என்று மார்பில் எழுதியிருந்தது.

"அம்மா, அமைதி, அமைதி. ஆயுசு இல்லம்மா, கசிவு. அற்பக் கசிவு. ஐயா நூறு வயசு இருப்பார்."

மனைவிக்குப் போன உயிர் திரும்பியது. திரும்பியதும், வீணாகப் பயந்துவிட்ட எரிச்சலும் கூடவே வந்தது. "அதை நேரா எழுத மாட்டீங்களா? அற்பமாம்ல, அற்பம்! என் வீட்டுக்காரர் இதயத்துல எதுங்க அற்பம்? கப்பலையே காலி பண்ற மனுஷன்!"

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கு வீட்டுக்குப் போகத்தான் அவசரம். ஆனால் கண்ணிய அலுவலரின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் அந்தப் பதவிக்கு வந்ததிலிருந்து ஒரு புகாரும் வந்ததில்லை. வாயைத் திறந்தால்தானே புகார் வரும்.

"நியாயமான புகார். ஒரு நோயாளியோட கண்ணியம் கெட்டுப்போச்சு. இந்த ரிப்போர்ட்டை இப்பவே வாபஸ் வாங்குறோம்" என்று அவள் கையிலிருந்து அதைப் பறித்தார்.

'இயல்பு' என்ற வார்த்தை அதற்குள்தான் இருந்தது. உம்கொட்டி பதறிக் கையை நீட்டி, "ம்!" என்றார். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே எதிர்ப்பு 'ம்' அதுதான்.

"ஐயாவும் சம்மதிச்சுட்டார்" என்றார் அலுவலர்.

புது ரிப்போர்ட்டுக்கு வார்த்தை தேட, அடுத்த வாரம் மருத்துவமனை அரங்கில் சொல் சீர்திருத்தக் கூட்டம் கூடியது. மேடைக்குக் குறுக்கே ரிப்பன். பின்னால் ஆளுயரத் திரை. நடுவில் கட்டில். கட்டிலில், மேல்சட்டை இல்லாமல், இடது பக்கம் ஒருக்களித்து, சபைக்கு முதுகைக் காட்டியபடி உம்கொட்டி. பக்கத்தில் கருவியோடு எக்கோ எடுக்கும் பெண். அவள் யார் கண்ணையும் பார்க்கவில்லை. முன்வரிசையில் மனைவி மடியில் அவர் சட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தலைவர் ரிப்பனை வெட்டினார். திரையில் அந்தத் துளியூண்டு நீலம் மின்னியது. சபை கைதட்டியது.

அற்பத்துக்கு மாற்றாக என்ன சொல் போடலாம் என்று விவாதம் தொடங்கிற்று. 'பணிவான கசிவு' என்றார் ஒரு துறைத் தலைவர். பணிவு என்றால் நோயாளி யாருக்கோ அடங்கிப் போகிறார் என்று அர்த்தம் வருமாம். 'கண்ணியமான கசிவு' என்றார் கண்ணிய அலுவலர். அப்படியானால் மற்றக் கசிவுகளெல்லாம் கண்ணியமற்றவையா என்று கேள்வி எழுந்தது. 'வளரும் கசிவு' என்று ஒருவர் சொல்ல, அதில் நம்பிக்கை தொனிக்கிறது என்று பலர் பாராட்டினார்கள். உம்கொட்டிக்குக் குளிரில் தோள் நடுங்கியது.

கடைசியில் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெருமக்களே! இந்த நிறுவனத்தில் அற்பம் என்ற சொல்லுக்கே இடமில்லை. இங்கே அற்பமான நோயாளி கிடையாது. அற்பமான நோய் கிடையாது. அப்படியே ஒருவர் அற்பமான நோயோடு வந்தாலும், அதைப் பெரிதாக்காமல் நாம் அவரை வெளியே அனுப்பியதுண்டா?" கைதட்டல். "ஒன்றுமே இல்லை என்று சொல்ல எந்த மருத்துவமனையாலும் முடியும். ஏதோ இருக்கிறது என்று சொல்லத்தான் நம்மைப்போல ஒரு மருத்துவமனை வேண்டும்!" அரங்கம் அதிர்ந்தது. "இப்போது கசிவே இல்லாத முன்மாதிரி இதயம் எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்க்க வேண்டும். அதற்கு நான் எங்கும் தேடிப் போகப்போவதில்லை."

சொல்லிவிட்டுக் கோட்டையும் சட்டையையும் கழற்றினார். உம்கொட்டியைக் கட்டிலின் ஓரத்துக்கு நகர்த்தி, தானும் ஏறி ஒருக்களித்துப் படுத்தார். ஜெல் பட்டதும் தலைவரிடமிருந்து ஒரு சின்னக் கீச்சுக் குரல் வந்தது. சபை அதைக் கேட்கவில்லை என்று முடிவு செய்தது.

திரையில் இதயம் வந்தது. பெண் பொத்தானைத் தட்டினாள். மூவிதழ் வால்வு மூடியது. துளியூண்டு நீலம் பளிச்சென்று மின்னி மறைந்தது.

கைதட்டத் தூக்கிய கைகள் பாதியில் நின்றன.

"என்னம்மா, சொல்லு" என்றார் தலைவர் சுவரைப் பார்த்தபடி.

"சார்... அதேதான் சார்."

"எதேதான்?"

"அவருக்கு இருக்கிறதேதான் சார். ஒண்ணுமே..." என்று தொடங்கியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முதலில் எழுந்தவர் கண்ணிய அலுவலர். "தலைமைக் கசிவு!" என்று கூவிக் கைதட்டினார். சபை முழுவதும் எழுந்து நின்றது. அதன் பிறகு நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். துறைத் தலைவர்கள் கோட்டையும் சட்டையையும் கழற்றிக்கொண்டு மேடைக்கு வரிசை கட்டினார்கள். கசிவு இருந்தவர்கள் நெஞ்சை நிமிர்த்தி இறங்கினார்கள். கண்ணிய அலுவலருக்கு மட்டும் மருந்துக்குக்கூடக் கசிவு இல்லை. "நல்லாப் பாரும்மா, ஓரமா எங்கயாவது ஒட்டிக்கிட்டு இருக்கும்" என்று கெஞ்சினார். இரண்டாம் முறையும் இல்லை என்றதும் சட்டையை வாங்கிக்கொண்டு யாரோடும் பேசாமல் போய்விட்டார்.

உம்கொட்டிக்குப் புது ரிப்போர்ட் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கிடைத்தது. 'இவருடைய இதயத்தில் தலைவர் நிலைக் கசிவு உள்ளது' என்று மட்டும் பொன்னெழுத்தில் இருந்தது.

கம்பெனி டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல இயல்புங்கிற வார்த்தையே இல்லையே! இப்படி எழுதின ஒண்ணை வச்சு கிரேன் ஏணிக் கதவை நான் எப்படித் திறக்கிறது?" என்று துறைமுக மேலாளரிடம் கூட்டிப் போனார். மேலாளர் படித்துப் பார்த்து நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"தலைவர் நிலையா? ஐயா, இவ்வளவு பெரிய விஷயத்தை உள்ள வச்சுக்கிட்டு நீங்க கிரேன் ஏறலாமா? உங்களை மேற்பார்வையாளர் ஆக்குறேன். பக்கத்து அறைதான். ஏசி இருக்கு. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் மீட்டிங்தான், எல்லாரும் பேசுவாங்க, நீங்களும் பேசலாம்."

உம்கொட்டி பேசாமல் வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். தூரத்தில் அவருடைய கிரேனை வேறு யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டி குதித்துக் குதித்து இறங்கியது. மனைவி காப்பி வேண்டுமா என்று கேட்டாள். பதில் இல்லை. மறுபடி கேட்டாள். ஒரு 'ம்' கூட வரவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. மருத்துவமனையில் அலறியபோது வந்த பயம் இதற்குப் பக்கத்தில்கூட வராது. தன் வாய்தான் அவரைக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டது என்று அவளுக்கு உறைத்தது. செருப்பை மாட்டினாள், கிறீச்சிடும் செருப்பாகவே பார்த்து மாட்டினாள். கண்ணாடிச் சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள்.

வாசலில் செருப்பைப் பறிக்க வந்த காவலாளி அவள் முகத்தைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டார். கண்ணிய அலுவலர் மேசையில் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"சார், அற்பம்னே போட்டுக் கொடுங்க. இயல்புன்னும் போடுங்க. நான் சொன்னது தப்பு."

"அது எப்படிம்மா முடியும்? இவரோடது அற்பம்னா தலைவரோடதும் அற்பம்னு ஆகுமே. ரெண்டும் ஒண்ணுதானே?"

மனைவி சட்டத்தைப் பொன்னெழுத்துத் தெரிகிற மாதிரி மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதானா சார்?"

"ஆமாம்மா."

"ரொம்ப சந்தோஷம். கிரேன் ஓட்டுற என் வீட்டுக்காரரும் உங்க தலைவரும் ஒண்ணு. இதைத்தான் தெரு முழுக்கக் காட்டிட்டு வர்றேன். துறைமுகத்துல மூட்டை தூக்குறவங்ககூட எக்கோ எடுத்துப் பார்க்கணும்னு சொல்றாங்க. நிறைய பேருக்கு இருக்கும்னு அந்தப் பொண்ணு வேற சொல்லிச்சு. நாளைக்கு எல்லாரையும் கூட்டிட்டு வரட்டுமா? எல்லாருக்கும் இதே மாதிரி தலைவர் நிலைன்னு..."

அலுவலருக்கு வியர்த்துவிட்டது. மூட்டை தூக்குகிறவர்கள் நெஞ்சை நிமிர்த்தி நடப்பதும், தனக்கு மட்டும் இல்லாமல் இருப்பதும் ஒருசேரக் கண்முன் வந்திருக்க வேண்டும். சட்டத்தை அவள் கையிலிருந்து பறித்தார். அவர் பறித்ததிலேயே அது ஒன்றுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. உள்ளே ஓடினார். அங்கே கதவுக்குப் பின்னால் தலைவரின் குரல் உயர்ந்தது, தாழ்ந்தது. நாற்காலி இல்லாத கூடத்தில் எல்லாம் தெளிவாகவே கேட்டது.

புது ரிப்போர்ட் வெறும் தாளில் வந்தது. 'இதயம் முற்றிலும் இயல்பு. கசிவு என்று சொல்லிக்கொள்ளத் தகுதியுள்ள எதுவும் இவரிடம் காணப்படவில்லை' என்று எழுதியிருந்தது. முத்திரையை ஓரமாகவே குத்தியிருந்தார்கள்.

கம்பெனி டாக்டர் அதைப் படித்துவிட்டு ஏணிக் கதவின் சாவியை எடுத்தார். இன்னொரு தடவை ஸ்டெதாஸ்கோப்பையும் வைத்துப் பார்த்தார். "முணுமுணுப்பு அப்படியேதான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அன்று துறைமுகத்தில் இறங்கிய பெட்டிகள் ஒன்றுகூடக் குதிக்கவில்லை.

சாயங்காலம் உம்கொட்டி வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கேட்காமல் கொள்ளாமல் அவர் நெஞ்சில் காதை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல. நீங்களே சொல்லிடுங்க. அப்படி என்னதான் உள்ள முணுமுணுக்குது?"

அவர் யோசித்தார். 'ம்' என்று வரப்போகிறது என்று அவள் தலையைத் தூக்கியபோது, உம்கொட்டி வாயைத் திறந்தார்.

"அது சொந்தமா ஒண்ணும் பேசலடி. நீ நாள் பூரா பேசுறதுதான். எதிரொலி."

அவள் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அப்புறம் பேசத் தொடங்கினாள். கூரை மறுபடி ஒழுகுகிறது என்றாள், பக்கத்து வீட்டில் சண்டை என்றாள், அந்தக் கண்ணிய அலுவலரைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது என்றாள்.

"ம்" என்றார் அவர்.